ரெண்டு 12-ஐ கூட்டுனா ஏன் பூஜ்யம் வருது? ஸ்கோப்புல இருக்கற மேத் பட்டன் பத்தி

குன்னூர்ல நம்ம சர்வீஸ் பெஞ்சுக்கு வேலை பழக வர்ற பசங்ககிட்ட முதல் வாரமே நான் ஒரு கேள்வி கேட்டுருவேன். ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, அதாவது மூணு ஒயர் வெளிய வரும், நடு ஒயர்ல இருந்து ரெண்டு பக்கமும் 12 வோல்ட். நடு ஒயர்ல ஆசிலாஸ்கோப்போட (வோல்ட் ஏறி இறங்கறதை திரையில கோடா வரையற கருவி, சுருக்கமா ஸ்கோப்) கிரவுண்ட் கிளிப், ஒரு பக்கத்து 12-ல சேனல் 1, அந்தப் பக்கத்து 12-ல சேனல் 2. இப்ப மேத் பட்டனை அமுக்கி ரெண்டு சேனலையும் கூட்டச் சொன்னா திரையில என்ன வரும்?

"24 வோல்ட்ண்ணா." யோசிக்கவே மாட்டாங்க, பட்டுனு வரும் பதில்.

கூட்டிக் காட்டுனா நேர்கோடு ஒண்ணு நடுவுல படுத்துக்கிட்டு கெடக்கும். உடனே "ஸ்கோப் மக்கர் பண்ணுதுண்ணா"ன்னு சொல்லுவாங்க. சரி கழிச்சுப் பாருன்னு சொன்னா அங்க 24 வந்து நிக்கும். கூட்டுனா பூஜ்யம், கழிச்சா 24. இது என்னடா நம்ம படிச்ச கணக்கே தலைகீழா இருக்குன்னு முழிப்பாங்க. ஸ்கோப்ல ஒரு தப்பும் இல்ல, "ரெண்டு 12-ஐ கூட்டுனா 24"ன்னு நாமதான் காலங்காலமா வாய்க்கு வந்தபடி சொல்லிப் பழகிட்டோம். அந்த முழிப்பு போறதுக்குத்தான் இதை எழுதறேன்.

## குன்னூர்தான் பூஜ்யம்னு வெச்சுக்குவோம்

மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷன் கடல் மட்டத்துல இருந்து 326 மீட்டர். குன்னூர் 1711. ஊட்டி 2203. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு மலை ரயில் எவ்ளோ உயரம் ஏறுதுன்னு கேட்டா 2203-ல 326-ஐ கழிச்சு 1877 மீட்டர்னு சொல்லிருவோம், இதுக்காக யாரும் ரெண்டு ஊருக்கும் நடுவுல டேப் புடிச்சுட்டு நிக்க மாட்டாங்க, ரெண்டும் ஒரே எடத்துல இருந்து அளந்த உயரம்ங்கறதால கழிச்சாலே போதும்.

இப்ப கடல் மட்டத்தை விட்டுட்டு குன்னூர் ஸ்டேஷனையே பூஜ்யம்னு வெச்சுக்கோங்க. ஊட்டி மேல இருக்கு, அதனால +492. மேட்டுப்பாளையம் கீழ இருக்கு, அதனால −1385. இந்த ரெண்டையும் கூட்டுனா −893 வரும், அதுக்கும் ரயில் ஏறுற உயரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கழிங்க: 492-ல இருந்து −1385-ஐ கழிச்சா மறுபடி அதே 1877. பூஜ்யத்தை எங்க வெச்சாலும் கழிச்சா வர்றது மாறல, கவனிங்க.

டிரான்ஸ்ஃபார்மர்லயும் இதேதான் நடக்குது. நடு ஒயர்தான் குன்னூர். ஸ்கோப்ல கிரவுண்ட்ங்கறது எல்லா சேனலும் "இங்க இருந்துதான் அளப்பேன்"னு வெச்சிருக்கற அந்தப் பூஜ்யப் புள்ளி. அங்க நின்னு பாத்தா ஒரு முனை மேல ஏறும்போது இன்னொரு முனை கீழ இறங்கும். 12 வோல்ட்னு நாம சொல்றது ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது அதே சூட்டைக் குடுக்கற டிசி எவ்ளோவோ அந்த அளவு, உச்சி அதை விட அதிகம், கிட்டத்தட்ட 17 வோல்ட். சேனல் 1 +17-ல இருக்கற நொடியில சேனல் 2 −17-ல இருக்கும். கூட்டுனா பூஜ்யம். கழிச்சா 34 உச்சி, அதாவது ஆர்எம்எஸ்ல 24. மல்டிமீட்டரை ரெண்டு முனையிலயும் வெச்சா 24 காட்டுதுல்ல, அது ஏன்னா மீட்டர் எப்பவுமே சிவப்பு ஒயர்ல இருந்து கருப்பு ஒயரைக் கழிச்சுத்தான் காட்டும், அதுக்கு வேற எதுவும் தெரியாது.

சுருக்கமா இதுவரைக்கும்: ஒவ்வொரு சேனலும் கிரவுண்ட்ல இருந்து ஒரு புள்ளிக்கு எவ்ளோன்னு மட்டும்தான் பாக்குது. ரெண்டு புள்ளிக்கு நடுவுல எவ்ளோன்னு வேணும்னா கழிக்கணும். பிளஸ், மைனஸ் குறி ரொம்ப முக்கியம்.

## மேத் உள்ள என்ன பண்ணுது

சில பேரு மேத் பட்டனை அமுக்குனா சர்க்யூட்ல ரெண்டு சிக்னலும் கலந்துரும்னு பயப்படறாங்க. கலக்காது. சர்க்யூட்டுக்கு நீங்க மேத் போட்டதே தெரியாது. ஸ்கோப் ஒவ்வொரு சேனலோட வோல்ட்டையும் ரொம்ப வேகமா, சின்னச் சின்ன இடைவெளியில அளந்து வரிசையா நம்பரா எழுதி வெச்சுக்குது. அப்படி ஒரு தடவை அளந்த நம்பருக்குப் பேருதான் சாம்பிள். மேத்ங்கறது அந்த ரெண்டு நம்பர் வரிசையையும் எடுத்து வெச்சு முதல் சாம்பிளோட முதல் சாம்பிள், ரெண்டாவதோட ரெண்டாவதுன்னு கணக்குப் போட்டு மூணாவதா ஒரு கோடு வரையறது, அவ்ளோதான்.

இலை எடை நோட்டு மாதிரி நெனச்சுக்கோங்க. அண்ணன் தோட்டத்துக்கு ஒரு நோட்டு, தம்பி தோட்டத்துக்கு ஒரு நோட்டு, ரெண்டுலயும் தினமும் எத்தன கிலோ பச்சை இலை போச்சுன்னு எழுதியிருக்கு. அண்ணனோட திங்கக்கிழமையில இருந்து தம்பியோட திங்கக்கிழமையைத்தான் கழிக்கணும், செவ்வாயைக் கழிச்சா அது கணக்கே இல்ல. ஸ்கோப்லயும் ஒரே நேரத்து சாம்பிள்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும். அதனாலதான் ரெண்டு சேனலையும் ஒரே சமயத்துல புடிக்கணும், முதல்ல ஒண்ணை அளந்து வெச்சுட்டு அப்புறம் இன்னொண்ணை அளந்து பேப்பர்ல உச்சியை மட்டும் கூட்டிக் கழிச்சா தப்பாத்தான் வரும்.

பழைய அனலாக் ஸ்கோப்ல சாம்பிள் எல்லாம் கிடையாது, ஆனா அதுலயும் ஆட்னு ஒரு சுவிட்ச், சேனல் 2-க்கு இன்வெர்ட்னு ஒரு பட்டன் இருக்கும். கழிக்கணும்னா சேனல் 2-ஐ தலைகீழாக்கிட்டு கூட்டுவோம். பெருக்கல் எல்லாம் சாதா அனலாக் ஸ்கோப்ல கிடையாது.

## கூட்டல்

கூட்டலைப் பத்தி ரொம்ப சொல்ல மாட்டேன், பெஞ்சுல அதுக்கு வேலை கம்மி. ஆனா அது என்ன செய்யும்னு புரிஞ்சுக்க நம்ம ஊட்டி பக்கத்துலயே முத்தோரையில ஒரு பிரமாதமான உதாரணம் நிக்குது. 1970-ல கட்டி முடிச்ச ரேடியோ டெலஸ்கோப், 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பூமியோட அச்சுக்கு இணையா இருக்கணும்ங்கறதுக்காக ஊட்டியோட அட்சரேகை அளவுக்கே, அதாவது 11 டிகிரி சரிவா இருக்கற மலைச்சரிவைத் தேடிப் புடிச்சு வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டுனது. அதுல 1056 சின்ன ஆண்டெனா வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணுலயும் வர்ற சிக்னல் ரொம்ப பலவீனம், ஆனா எல்லாம் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கற மாதிரி நேரத்தை சரிபண்ணி கூட்டுனா பெருசாகுது. இரைச்சல் ஒவ்வொண்ணுலயும் அதது இஷ்டத்துக்கு ஆடுது, அதனால அது அந்த அளவுக்குக் கூடாது. 100 ஆண்டெனாவை கூட்டுனா சிக்னல் 100 மடங்கு, இரைச்சல் 10 மடங்குதான். அதே சிக்னல்ல பாதி ஏறும்போது மீதி இறங்குற மாதிரி இருந்துச்சுன்னா கூட்டுனா ஒண்ணுமே மிஞ்சாது.

மூணு பேஸ் கரண்ட்லயும் இதே கதைதான். ஒவ்வொரு பேஸும் நியூட்ரலுக்கு 230 வோல்ட், ஆனா ஒண்ணு ஏறுன பின்னால இன்னொண்ணு ஏறும், சுத்துல மூணுல ஒரு பங்கு தள்ளி. எந்த நொடியில நிறுத்திப் பாத்தாலும் மூணையும் கூட்டுனா பூஜ்யம். ரெண்டு பேஸைக் கழிச்சா 460-ம் வராது பூஜ்யமும் வராது, 398 வரும், அதைத்தான் 400-ன்னு எழுதறாங்க, பழைய ஆளுங்க 415-ம்பாங்க, அது 240 வோல்ட் காலத்துக் கணக்கு. இதை படிச்சுட்டு சாதா ப்ரோப்பை, அதாவது ஸ்கோப்போட அளக்கற ஒயரை, எடுத்துட்டுப் போய் மெயின் போர்டுல வெச்சுராதீங்க, 398-க்கு உச்சி 560 வோல்ட்டுக்கு மேல போகுது, அதுக்குன்னு தனி டிஃபரென்ஷியல் ப்ரோப் இருக்கு. பழகறதுக்கு 12-0-12 போதும்.

## கழித்தல், இதுக்குத்தான் மேத் வாங்குனதே

எங்க பெஞ்சுல மேத் பட்டனை பத்து தடவை அமுக்குனா எட்டு தடவை கழிக்கறதுக்குத்தான். காரணம் கிரவுண்ட் கிளிப். ப்ரோப்ல தொங்குற அந்த முதலை கிளிப் இருக்கே, அது ஸ்கோப்போட பாடி வழியா நேரா சுவத்து பிளக்கோட எர்த்துக்குப் போகுது. சேனல் 1 கிளிப்பும் சேனல் 2 கிளிப்பும் உள்ள ஒரே ஒயர்தான். இது தெரியாம அதை மீட்டரோட கருப்பு ஒயர் மாதிரி நெனச்சுக்கறாங்க.

போன வருஷம் ஒரு தம்பி சேனல் 1 கிளிப்பை நடு ஒயர்ல போட்டுட்டு சேனல் 2 கிளிப்பை 12-ல போட்டான், "ரெண்டும் தனித்தனி சேனல்தானேண்ணா"ன்னு. டிரான்ஸ்ஃபார்மரோட பாதி சுருள் அப்படியே ஸ்கோப் வழியா ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் உறுமுச்சு, வார்னிஷ் வாசனை கடை பூரா, அவன் மூஞ்சியப் பாக்கணுமே. ஸ்கோப் பொழைச்சுக்குச்சு. 12 வோல்ட்ங்கறதால இதோட போச்சு, லைன்ல நேரா கனெக்ஷன் இருக்கற எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போர்டுல அந்த கிளிப்பைப் போட்டிருந்தா வெடிச்சிருக்கும். இதுக்கு பயந்துக்கிட்டு ஸ்கோப்போட எர்த் பின்னை வெட்டி விடற பழக்கம் ஒண்ணு நம்மாளுங்ககிட்ட இருக்கு, தயவு செஞ்சு பண்ணாதீங்க, அப்ப ஸ்கோப்போட பாடியே லைவ் ஆயிரும், கை வெச்சீங்கன்னா முடிஞ்சது.

சரியான வழி இதுதான்: ரெண்டு பக்கமும் கிரவுண்ட் இல்லாத எடத்துல ரெண்டு ப்ரோப் முனையையும் வெச்சு, கிளிப் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கவ்வ விட்டு சர்க்யூட்டைத் தொடாம தனியா விட்டுட்டு, மேத்ல சேனல் 1 − சேனல் 2 போடுங்க. ஆனா ரெண்டு முனையும் எர்த்துல இருந்து எவ்ளோ வோல்ட்ல இருக்கோ அதை ப்ரோப் தாங்கணும், அதை மொதல்ல பாருங்க.

இன்னொரு பலன் இரைச்சல் போறது. டீ ஃபேக்டரி ஒண்ணுல டிரையர் பக்கத்துல இருக்கற டெம்பரேச்சர் கன்ட்ரோலர்ல இருந்து ஆபீஸ் ரூமுக்கு ஒரு ஆர்எஸ்-485 கேபிள், அதாவது டேட்டா அனுப்பற கேபிள், போகுது. ரெண்டு ஒயர், ஏ, பி. மோட்டார் கேபிள் கூடவே அதை ஓட்டி விட்டிருந்தாங்க. ஏ-ஐ மட்டும் ஸ்கோப்ல பாத்தா சிக்னலே தெரியல, வாட்டுற தொட்டி ஃபேனோட இரைச்சல் அது மேல ஏறி உக்காந்திருக்கு. பி-யும் அதே லட்சணம். கழிச்சுப் பாத்தா பளிச்சுனு சதுர அலை. ஏன்னா ஏ ஏறும்போது பி இறங்கும், அதுதான் செய்தி. இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏறியிருக்கு, ரெண்டு ஒயரும் ஒண்ணா முறுக்கி ஒரே பாதையில போறதால. இப்படி ரெண்டு ஒயர்லயும் ஒண்ணா இருக்கற பகுதிக்கு காமன் மோட்னு பேரு. எடை போடற எடத்துல சாக்கோட எடையைக் கழிக்கற மாதிரி, சாக்கு ஒண்ணேதான்ங்கறதால கழிச்சா இலை மட்டும் மிஞ்சும். கேபிள் முனையில சிக்னலை வாங்கற கருவிகூட, ஏ-யும் பி-யும் 0.2 வோல்ட்டுக்கு மேல எந்தப் பக்கம் வித்தியாசப்படுதுன்னுதான் பாக்குது, அதனால நாம பாக்கவேண்டியதும் வித்தியாசம்தான், ஒத்தை ஒயரை இல்ல. அந்த ஃபேக்டரியில கேபிள்ல ஒண்ணும் குறை இல்லன்னு தெரிஞ்சுருச்சு, கடைசியில ஒரு டெர்மினல் ஸ்க்ரூ லூஸ்.

இதுவரைக்கும்: கூட்டுனா ஒத்துப்போறது வளரும், எதிரா இருக்கறது அழியும். கழிச்சா அதுக்கு நேர்மாறு, பொதுவா இருக்கறது அழிஞ்சு வித்தியாசம் மிஞ்சும்.

## பெருக்கல்

வோல்ட்டை ஆம்பியரால பெருக்குனா வாட், இது எல்லாருக்கும் தெரியும். மேத் என்ன பண்ணுதுன்னா அதை ஒவ்வொரு நொடித்துளிக்கும் பண்ணுது.

ஆம்பியரை ஸ்கோப் நேரா பாக்காது, அதனால அதை வோல்ட்டா மாத்தணும். லோடுக்கு வரிசையில 1 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணைப் போட்டா அது மேல 1 வோல்ட் இருந்தா 1 ஆம்பியர் ஓடுதுன்னு அர்த்தம், இதுக்கு ஷண்ட்னு பேரு. 12 வோல்ட் முனைக்கும் நடு ஒயருக்கும் நடுவுல 10 ஓம் லோடு, அதுக்கு கீழ 1 ஓம் ஷண்ட், ஷண்ட்டோட கீழ் முனையில கிரவுண்ட். சேனல் 1 மேல 12-ல, சேனல் 2 லோடும் ஷண்ட்டும் சேர்ற எடத்துல. பெருக்குனா வர்ற கோட்டைப் பாத்து பசங்க கேக்கற முதல் கேள்வி, "வோல்ட் கீழ போகும்போது பவர் ஏண்ணா மேலயே இருக்கு?"

எங்க ஊர்ல கற்பூர மரம் அறுக்கறதைப் பாத்திருப்பீங்க, யூகலிப்டஸ்தான், ரெண்டு ஆளு ரெண்டு பக்கம் புடிச்சு இழுக்கற பெரிய ரம்பம். ரம்பம் இந்தப் பக்கம் வந்தாலும் மரம் அறுபடும், அந்தப் பக்கம் போனாலும் அறுபடும். இழுக்கற பலம் திரும்பும்போது ரம்பம் போற திசையும் கூடவே திரும்புது, மைனஸை மைனஸால பெருக்குனா பிளஸ். கரண்ட்டும் அப்படித்தான், வோல்ட் திரும்பும்போது ஆம்பியரும் திரும்பிருது, ரெசிஸ்டர் ரெண்டு பக்கமும் சூடாகுது. அதனாலதான் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்கு பவர் கோடு 100 தடவை ஏறி இறங்குது. நம்ம சர்க்யூட்ல உச்சி சுமார் 26 வாட், சராசரி 13 வாட். அந்த சராசரிதான் நெசமா செலவாகற பவர்.

இப்ப லோடை எடுத்துட்டு ஒரு சோக், அதாவது சுருள், போடுங்க. ஆம்பியர் வோல்ட்டுக்குப் பின்தங்கி வரும். ஒரு ஆளு இழுக்கத் திரும்பிட்டான், ரம்பம் இன்னும் பழைய பக்கமே போயிட்டிருக்கு, அந்த கொஞ்ச நேரம் அவன் ரம்பத்துக்கு எதிரா மல்லுக்கட்டறான். திரையில அந்த நேரம் பவர் கோடு பூஜ்யத்துக்கு கீழ எறங்கும், அதாவது சுருள் வாங்குனதை திருப்பிக் குடுக்குது. மீட்டர்ல வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியா படிச்சு பெருக்குனா பெரிய நம்பர் வரும், ஸ்கோப்போட சராசரி அதை விட கம்மியா வரும். சராசரியை அந்தப் பெரிய நம்பரால வகுத்தா வர்றதுதான் பவர் ஃபேக்டர். டீ ஃபேக்டரி போர்டுல கெப்பாசிட்டர் வரிசையா நிக்கறது இதை சரிபண்ணத்தான், அது குறைஞ்சா பில்லுல தனியா தீட்டிருவாங்க. பவர் ஃபேக்டர்னு வாயால எத்தன தடவ சொன்னாலும் ஏறாதது, அந்தக் கோடு பூஜ்யத்துக்கு கீழ எறங்கறதை ஒரு தடவை கண்ணால பாத்தா ஏறிருது.

மேத் மெனுவுல எஃப்எஃப்டி, இன்டெக்ரேட், டிஃப் எல்லாம் கூட இருக்கும். எஃப்எஃப்டி ஒரு அலைக்குள்ள எந்தெந்த ஹெர்ட்ஸ் எவ்ளோ இருக்குன்னு பிரிச்சுக் காட்டும், அது ரெண்டு அலையைச் சேர்க்கற வேலை இல்ல, ஒண்ணையே பிரிக்கற வேலை. இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க.

## மேத் பொய் சொல்ற எடங்கள்

சேனல்ல தப்பா போனதை மேத் சரி பண்ணாது, தப்பையும் சேத்து கணக்குப் போட்டு அழகா கோடு வரைஞ்சு குடுத்துரும், நாமளும் நம்பிருவோம்.

ரொம்ப அடிக்கடி நடக்கறது, ப்ரோப்ல சுவிட்ச் 10 மடங்குல இருக்கும், மெனுவுல 1-ன்னு இருக்கும். ஒரு சேனல்ல மட்டும் இப்படி இருந்தா கழிக்கறது எல்லாம் குப்பை. அடுத்தது, அலை திரையோட மேல் விளிம்பைத் தாண்டி வெட்டுப்பட்டிருந்தா அந்த வெட்டுப்பட்ட நம்பரைத்தான் மேத் எடுக்கும், அதனால சேனல் ரெண்டும் முழுசா திரைக்குள்ள இருக்கணும், மேத் கோட்டோட அளவை தனியா மாத்திக்கலாம், அதுக்குன்னு தனி ஸ்கேல் இருக்கு. அதுக்காக ரொம்ப சின்னதாவும் வெக்கக்கூடாது. சாதா ஸ்கோப் எல்லாம் 8 பிட், திரை உயரத்தை 256 படியாத்தான் பிரிக்கும். ஒரு கட்டத்துக்கு 5 வோல்ட், 8 கட்டம்னா 40 வோல்ட், ஒரு படி 0.16 வோல்ட் கிட்ட. பெரிய அலை ரெண்டைக் கழிச்சு 0.1 வோல்ட் வித்தியாசம் தேடுனீங்கன்னா ஒரு படி கூட தேறாது, நீங்க பாக்கறது வெறும் படியோட நடுக்கம்.

ப்ரோப்பும் ஜோடி சேரணும். ஸ்கோப் முன்னால இருக்கற 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில மாட்டி, மூலை கூர்மையா வர்ற வரைக்கும் ப்ரோப்ல இருக்கற குட்டி ஸ்க்ரூவைத் திருப்பி ரெண்டையும் ஒண்ணுபோல ஆக்கிக்கோங்க. பெருக்கறதா இருந்தா கப்ளிங் (சேனல் சிக்னலை எப்படி உள்ள விடணும்ங்கற செட்டிங்) டிசி-லயே இருக்கட்டும், ஏசி-ல போட்டா டிசி பகுதி காணாமப் போயி வாட் கணக்கு தப்பாகும்.

இதெல்லாம் ஞாபகம் இல்லன்னா கூட ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கழிக்கறதுக்கு முன்னால ரெண்டு ப்ரோப் முனையையும் ஒரே புள்ளியில வெச்சு சேனல் 1 − சேனல் 2 பாருங்க. பூஜ்யம் வரணும். வராது. எங்க பெஞ்சுல 12 வோல்ட் முனையில ரெண்டையும் வெச்சா 17 வோல்ட் உச்சிக்கு கிட்டத்தட்ட கால் வோல்ட் மிச்சம் நிக்குது, ரெண்டு ப்ரோப்பும் ஒண்ணரை சதவீதம் முன்ன பின்ன. அதை பேனாவால ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஸ்கோப் மேலயே ஒட்டி வெச்சிருக்கோம், அதை விட சின்னதா எது தெரிஞ்சாலும் அதுக்கு நான் காசு வாங்கறதில்ல.